மூன்று முறை காற்று

1

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. ஹீட்டருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. கோட்டைக் கழற்ற வேண்டாம். மே மாதக் குளிரில் மெல்பர்னில் யார் கழற்றுகிறார்கள்? உங்களுக்கு ஒரு கதை சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கதை இருக்கிறது. முழுசாக இருக்கிறதா என்று மட்டும் இப்போதே கேட்காதீர்கள்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு நான் ஓர் எண்ணுக்குப் போன் செய்வேன். நம் பகுதியில் பாதி வீடுகள் செய்யும். பதிவு செய்த ஓர் ஆண்குரல் சொல்லும்: "கம்பி சரியா இருக்கு. எல்லாருக்கும் நல்ல ஓய்வுநாள்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு சூப்பைக் கிளறப் போவேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு மூச்சு இருந்தது. பாரம் தூக்குகிறவன் நடுவில் நின்று விடுவானே, அந்த மாதிரி மூச்சு. எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்று இன்னொரு தடவை போன் போட்டேன். மூச்சு அதே இடத்தில் இருந்தது. மூன்றாம் தடவையும்.

அந்த மூச்சிலிருந்துதான் இந்தக் கதை. குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. தெரிந்துவிட்டால் கதை எழுத முடியாது, துக்கம் கேட்கத்தான் போக முடியும்.

(புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிக்காரருக்காக மட்டும் சில வரிகள். யூதர்களான நாங்கள் ஓய்வுநாளில், அதாவது வெள்ளி சாயங்காலம் தொடங்கிச் சனி இருட்டும்வரை, வீட்டிலிருந்து தெருவுக்கு எதையும் சுமந்து போகக் கூடாது. சாவி, கைக்குட்டை, குழந்தை, எதையும். ஆனால் ஊரைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம் ஒரு கம்பி ஓடினால், உள்ளே இருக்கும் அத்தனை வீடும் ஒரே வீடு, அத்தனை தெருவும் அதன் முற்றம். முற்றத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஓர் இடத்தில் அறுந்தாலும் முற்றம் போயிற்று. மற்றவர்கள் கண்ணுக்கு அந்தக் கம்பி தெரியவே தெரியாது. அதுதான் அதன் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.)

2

தொடக்கம் எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நீங்களே பாருங்கள்.

*1349, ரைன் நதிக்கரையில் ஓர் ஊர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவன் தெருமுனைக்கு வந்தபோது, நேற்றுவரை முழுசாக இருந்த ஒன்று வெட்டப்பட்டிருப்பதைக் கண்டான். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றான்.*

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துச் செருப்பு எப்படி இருக்கும், பிளேக் நோய் பரவிய தெருவில் என்ன வாடை அடிக்கும், எனக்கு என்ன தெரியும்? நான் பள்ளிக்கூடம் போனது ஆறு வருடம். மிச்சப் படிப்பெல்லாம் சட்டைக் கம்பெனியில், பொத்தான் துளை போட்டுக்கொண்டே. அடித்துவிட்டேன்.

*1903, கிஷினேவ். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவன் தெருமுனைக்கு வந்தபோது, நேற்றுவரை முழுசாக இருந்த ஒன்று*

அடித்துவிட்டேன்.

*1938, வியன்னா. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவன்*

இங்கே பேனா நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் அடிபட்ட வருடத்தையும் ஊரையும் மட்டும்தான் நான் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மனிதனை மாற்றவில்லை, தெருமுனையை மாற்றவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்ற அவனுடைய யோசனையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே அளவுச் சட்டை வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் பொருந்தினால் தையல்காரி சந்தோஷப்படுவாள் என்றா நினைக்கிறீர்கள்? அளவு நாடாவை எடுத்து மறுபடி அளப்பாள்.

அதனால் இந்த வருடத்தையே வைத்துக்கொண்டேன். செருப்பாவது எனக்குத் தெரிந்த செருப்பு.

3

என் ஆளுக்கு லைசர் என்று பெயர் வைத்தேன். லைசர் ஸில்பர்மிண்ட்ஸ். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடம் டிராம் வண்டிகளுக்கு மேலே ஓடும் மின்கம்பிகளைப் பழுது பார்த்தவன். ஓய்வு பெற்றதும் நம் கம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஏற்றுக்கொண்டான். வியாழக்கிழமை ஒரு சுற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிச் சுற்று, மூன்று மணிக்குள் போனில் குரலைப் பதிய வேண்டும். ஏணி, கம்பிச்சுருள், ஒரு பழைய வேன். கொஞ்சம் சிடுமூஞ்சி. (முதலில் அவனைச் சாந்தமானவனாக எழுதியிருந்தேன். நல்லவனுக்குத் துன்பம் வந்தால் வாசகர்கள் அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் சிடுமூஞ்சியாக்கினேன்.)

அவனுக்கு ஒரே மகள், தோபா. அவள் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஓர் ஓய்வுநாள் மத்தியானம், ஜெப ஆலயத்திலிருந்து கணவன் யோனாவோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கார் வேகம் குறைத்து அவர்கள் கூடவே ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் வாயால் ஓர் ஒலி எழுப்பினார்கள். குழாயிலிருந்து வாயு கசியும் ஒலி, எங்கள் ஆட்களை அடைத்துக் கொன்ற விஷவாயு அறைகளின் ஒலி. பிறகு சிரித்தார்கள். கார் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒலியை எழுத்தில் எழுதிப் பார்த்தேன். எழுதிய தாளை அடுப்பில் போட்டேன்.

அன்றிலிருந்து தோபா ஓய்வுநாளில் வாசலைத் தாண்டவில்லை. பெண்குழந்தை பிறந்தது. எட்டு வாரமாயிற்று. ஜெப ஆலயத்தில் வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும், தானும் குழந்தையும் கூட இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னாள்:

"இந்தச் சனிக்கிழமை வர்றேன்ப்பா. யோனா காலையிலயே போயிடுவாரு, பேர் சொல்ல அவரை மேடைக்குக் கூப்பிடுவாங்கல்ல. நான் பின்னாடி பாப்பாவைத் தள்ளிக்கிட்டு வந்துடறேன்."

"வா. தாராளமா வா."

"ஆனா ஒண்ணு. இன்னும் ஒரே ஒரு விஷயம் நடந்துச்சுன்னா, சின்னதா இருந்தாலும் சரி, நாங்க கெளம்பிடுவோம். யோனாவும் நானும் பேசி முடிச்சிட்டோம்."

"எங்க கெளம்புவீங்க?"

"எங்கயாவது."

(எங்கயாவது என்ற அந்த ஊருக்கு எங்கள் ஆட்கள் இரண்டாயிரம் வருடமாகக் குடிபோகிறார்கள். இன்னும் யாரும் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வரவில்லை.)

ஆக, வெள்ளிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை. ரயில் பாதைக்கும் கால்பந்து மைதானத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதை போகிறதே, அங்கே லைசர் அண்ணாந்து பார்த்தான். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வானம் மட்டும் இருந்தது.

கம்பி புல்லில் கிடந்தது. குனிந்து முனையை எடுத்தான். காற்றில் அறுந்த கம்பி என்றால் இழுபட்டு, முனை ஊசி மாதிரி மெலிந்து போயிருக்கும். இது தட்டையாக, பல்லால் கடித்த மாதிரி இருந்தது. முப்பது வருடம் கம்பியோடு வாழ்ந்தவனுக்கு இதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை வீட்டில் காற்று என்று சொன்னான், அப்போது அவனே நம்பினான். இரண்டாவது தடவையும் காற்று என்று சொன்னான்.

மைதானத்தைப் பராமரிக்கும் ட்ரெவர், புல்வெட்டும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன லைசர், மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இதுல கரண்டு ஓடுதா?"

"இல்ல."

"டிவி?"

"இல்ல."

"இன்டர்நெட்டு?"

"இல்லப்பா."

"அப்ப என்னதான் ஓடுது இதுல?"

"இதுல ஒண்ணும் ஓடல. இதுக்கு உள்ளாற நாங்கதான் ஓடிக்கிட்டிருக்கோம்."

ட்ரெவர் சிரித்தார். பிறகு லைசர் கையிலிருந்த முனையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது யாரோ வெட்டினது."

"காத்து."

"காத்துக்கு ஏதுய்யா பல்லு? போலீசுக்கு நான் வேணா போன் பண்றேன். இங்க வேலை பாக்கறவன்னு சொல்லிக்கிறேன்."

"வேணாம் ட்ரெவர். ஏணியைப் பிடிச்சுக்கோ, அது போதும்."

ட்ரெவர் ஏணியைப் பிடித்தார். மேலே நிமிர்ந்து பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே பிடித்தார். நல்ல மனிதர்கள் சில சமயம் அப்படித்தான் பிடிப்பார்கள்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அவசரத்தில் லைசர் கம்பியைக் கம்பத்தின் உச்சியில் கட்டாமல் பக்கவாட்டில் கட்டிவிட்டான் என்று எழுதியிருந்தேன். இரண்டு கம்பங்களும் கதவின் இரண்டு கால், உச்சியில் ஓடும் கம்பி அதன் மேல்சட்டம்; பக்கவாட்டில் கட்டினால் நம் சட்டப்படி அது கதவு ஆகாது, முற்றமும் ஆகாது. எங்கள் மதகுரு ரப்பி வந்து சத்தம் போடும் ஒரு காட்சிகூட வைத்திருந்தேன், வேடிக்கையாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் கட்டியது சரியாகவே கட்டினான். இந்தக் கதையில் தப்பாகக் கட்டப்பட்டது கம்பி இல்லை.]

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேனுக்குள் உட்கார்ந்து போனில் குரலைப் பதிந்தான்: "கம்பி சரியா இருக்கு." மூச்சு. "எல்லாருக்கும் நல்ல ஓய்வுநாள்."

அவன் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பி சரியாக இருந்தது. கம்பி மட்டும்தான் சரியாக இருந்தது.

4

வெட்டியவனை எழுதாமல் விடுவது நியாயமில்லை என்று பட்டது. கதாசிரியை என்றால் எல்லார் சட்டைக்குள்ளும் ஒரு தடவை கையை விட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தேன்.

முதலில் அவனிடமே கேட்டேன், ஏன் வெட்டினாய் என்று. நீங்கள் கிணற்றில் விஷம் வைத்தீர்கள், பிளேக் வந்தது என்றான். அடுத்த தாளில் கேட்டேன். ஊரின் வங்கியெல்லாம் உங்கள் கையில் என்றான். அதற்கடுத்த தாளில், நீங்கள் கந்தலோடு கப்பலில் வந்து இறங்கி நாட்டுக்குச் சுமையானீர்கள் என்றான். போன தாளில் வங்கி என்றாயே என்றேன். அது வேறு என்றான். இன்னொரு தாளில், உங்கள் ரத்தமே வேறு என்றான். கடைசித் தாளில் தொலைதூரத்தில் நடக்கும் ஒரு போரைச் சொன்னான்.

அந்தப் போரைப் பற்றி எனக்கும் என் மகனுக்குமே ஒத்துப்போகாது. பேசத் தொடங்கினால் மேசையில் தட்டுகள் குதிக்கும். அங்கே சாகும் குழந்தைகளை நினைத்து எனக்குத் தூக்கம் போன நாட்கள் உண்டு, இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும்தான். அதை எங்கே வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் எட்டு வாரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதற்காகக் கட்டிய கம்பி எந்தப் போருக்குப் போயிற்று?

அவனுக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்த்தேன். குரூரமான முகம் கொடுத்தால் பொய்யாக இருந்தது. சாதாரண முகம் கொடுத்தேன், ரயிலில் எனக்கு எழுந்து இடம் கொடுத்த பையனின் முகமாகிவிட்டது. ஒரு தாயைக் கொடுத்தேன். அவள் காலையில் எழுந்து அவனுக்கு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தாள், ஓரத்தைக்கூட வெட்டி எடுத்துவிட்டு. சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவன் வெட்டினான்.

*அவன் கட்டிங் பிளேயரைப் பைக்குள் வைத்தபோது அவனுடைய மனதில்*

இல்லை. இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நாற்பது தடவை உட்கார்ந்திருப்பேன். காரணங்கள் விருந்தாளி மாதிரி வந்து போகின்றன. வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பது வேறு ஏதோ, அது வாசலுக்கு வந்து பேச மாட்டேன் என்கிறது. எனக்கு வேண்டியது பதில்கூட இல்லை, கண்ணுகளா. முடிக்கக்கூடிய ஒரு வாக்கியம்.

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஐந்து மணிக்கு முன்பே லைசரின் மனைவி பெஸ்யா விளக்குகளை ஏற்றிக் கண்ணை மூடி ஆசீர்வாதம் சொன்னாள். இனி நாளை இருட்டும்வரை போன் இல்லை, வேன் இல்லை, சுவிட்ச் இல்லை. மேசையில் பின்னல் ரொட்டி, மீன் உருண்டை, சூப்.

"லைசர், சூப்பைக் குடி. அதுல உன் முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தா சூப்புதான் கெட்டுப்போகும்."

"குடிக்கிறேன்."

"மத்தியானத்துல இருந்து என்ன ஆச்சு உனக்கு? கம்பி சரியா இருக்குன்னுதானே சொன்னே? நானும் போன் போட்டுக் கேட்டேன்."

"நீ எதுக்குப் போன் போடறே? நான் உன் வீட்டுக்காரன். என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?"

"போன்ல மரியாதையா பேசறே. அதுக்காகத்தான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்லு."

சொன்னான். மூன்று தடவையையும் சொன்னான். பெஸ்யா ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் சிறு குவியலாக வைத்தாள்.

"நாளைக்கு அவ அந்தப் பாதையிலதான் வருவா."

"தெரியும்."

"பிள்ளையோட."

"தெரியும், பெஸ்யா."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டே."

"சொன்னா வரவே மாட்டா. அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணுவாங்க. அந்தப் பிள்ளைக்கு நம்மளைப் போட்டோவுலதான் தெரியும்."

"சொல்லலன்னா?"

இருவரும் ஒரே சமயத்தில் சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார்கள்.

(கதையில் நான் நடுங்கிய இடம் இது. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம், மீறியே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் எந்த ரப்பிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆகவே லைசர் எழுந்து போய்ப் போனை எடுக்கலாம். தடுக்க யாருமில்லை. ஆனால் எடுத்தால், இது உயிராபத்துதான் என்று அவனே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ஓய்வுநாளில் அப்பா வீட்டிலிருந்து போன் அடித்தால் தோபா எடுத்துக் கேட்க வேண்டியதில்லை. மணி அடித்த உடனேயே பெட்டியை இறக்குவாள்.)

"அது வெறும் கம்பி, பெஸ்யா. கம்பியை வெட்டறவன் ஆளை வெட்டுவான்னு எழுதியா வெச்சிருக்கு?"

"எழுதி வெச்சிருக்கறதை எல்லாம் நீ படிச்சதில்லையா என்ன?"

அவன் எழுந்தான். போன் வரை போனான். கையை நீட்டினான். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"காலையில நானே போய் நிக்கறேன்," என்றான்.

"எங்க?"

"கம்பிக்குக் கீழ."

நீங்கள் அவனைக் கோழை என்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது. நானும் முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். பிறகு யோசித்தேன். நெருப்பு நெருப்பு என்று கத்தியவர்களும் எங்களில் இருந்தார்கள், ஒவ்வொரு நூற்றாண்டிலும். அவர்கள் கத்தியது கத்தியபடியே பதிவாகியிருக்கிறது. என்ன ஆயிற்று? சொல்லாதவனுக்கும் சொன்னவனுக்கும் ஒரே முடிவைக் கொடுத்த கதையில், இவனை மட்டும் நான் எந்த வாயால் திட்டுவது?

6

சனிக்கிழமை காலை. குளிர், தெளிவான வெயில். லைசர் மைதானத்துப் பாதையின் முனையில் நின்றான். தலையில் விசேஷத் தொப்பி, உடம்பில் நல்ல கோட்டு, ஆனால் காவல்காரன் மாதிரி நின்றான். மேலே கம்பி இருந்தது. இரண்டு தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

பத்தரைக்குத் தோபா வந்தாள். நீல நிறத் தள்ளுவண்டி. குழந்தையின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"நல்ல ஓய்வுநாள்ப்பா. நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? ஜெபம் ஆரம்பிச்சிருக்குமே."

"கூட நடக்கலாம்னு வந்தேன்."

"யாருக்குத் துணை? எனக்கா, உங்களுக்கா?"

"பாப்பாவுக்கு. அவதானே இந்தக் குடும்பத்துல இன்னும் என்கூடச் சண்டை போடாதவ."

தோபா சிரித்தாள். வண்டியை நிறுத்திக் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். அதற்கு ஹென்யா என்று பெயர் வைக்கப் போகிறார்கள். ஹென்யா லைசரின் சித்தி. அந்த விஷவாயு அறைகளின் காலத்தில் அவளுக்கு எட்டு வயது ஆனதோடு நின்றுவிட்டது. சின்ன வயதில் போனவர்களின் பெயரை வைத்தால் கூடவே இன்னொரு பெயரும் சேர்க்க வேண்டும் என்று பெஸ்யா பிடிவாதம் பிடித்து, உயிர் என்று பொருள்படும் ஹாயா என்பதையும் சேர்க்கச் செய்திருந்தாள்.

"அப்பா."

"ம்."

"மூணு தடவையும் காத்துன்னு சொல்லப் போறீங்களா?"

லைசர் பாதையைப் பார்த்தான்.

"யாரு சொன்னா மூணு தடவைன்னு?"

"யாரும் சொல்லல. உங்க வேன் நேத்து ரெண்டரை வரைக்கும் இங்கயே நின்னுச்சு, மாடியில இருந்து பாத்தேன். எட்டு வாரமா நான் துணிதான்ப்பா துவைக்கறேன். ஒரு நாளைக்குப் பத்து சட்டை. ஒரு வாரமும் காத்தே இல்ல. கொடியில எல்லாம் ஈரமாவே தொங்குது. நீங்க பாட்டுக்குக் காத்து, காத்துங்கறீங்க."

"அப்ப மொதல்லயே தெரியுமா?"

"ரெண்டாவது தடவையில இருந்து."

"தெரிஞ்சும் ஏம்மா வந்தே?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "பிள்ளையையும் தள்ளிக்கிட்டு! ஒண்ணு நடந்தா கெளம்பிடுவேன்னு சொன்னியே? நான் உன்னை வெளிய வர வைக்கணும்னுதானே வாயை மூடிக்கிட்டிருந்தேன்!"

"கத்தாதீங்க, பாப்பா முழிச்சுக்குவா."

"சொல்லு, ஏன் வந்தே?"

"உங்களுக்காகத்தான் வந்தேன்." அவள் வண்டியின் கைப்பிடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அறுபத்தெட்டு வயசுல ஏணியில ஏறி ஏறிக் கட்டிட்டு வர்றீங்க. உள்ள நாங்க யாருமே நடக்கலன்னா அதை யாருக்காகக் கட்டறீங்க? நான் வரலன்னா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு நெனச்சேன். இன்னைக்கு ஒரு தடவை வந்து, பேரு வெச்சுட்டு, அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்னு..."

"என்னத்தை மெதுவா சொல்லிக்கலாம்னு?"

ஊரைவிட்டுக் கிளம்புவதைத்தான். அவள் வண்டியின் பிரேக்கைக் காலால் அழுத்தினாள்.

இருவரும் அந்தப் பாதையின் முனையில் நின்றார்கள். அவளைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான். அவனைக் காப்பாற்ற அவள் அதை நம்பின மாதிரி நடித்தாள். நம் தெருக்களில் எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போன் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூச்சு கேட்டிருக்கும்? கேட்டவர்களெல்லாம் போனை வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, சரியா இருக்காம் என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொன்னேன்.

"திரும்பிடலாமா?" என்றான் லைசர்.

"நீங்க திரும்பச் சொன்னா திரும்பறேன்."

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்கப்பா."

முந்நூறு அடி தூரத்தில், பாதையின் பாதியில், மைதானத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலைக்குமேல் இழுத்துவிட்ட தொப்பிச் சட்டை. முன்பக்கம் குனிந்து, கால்களுக்கு நடுவில் கையால் ஏதோ செய்துகொண்டிருந்தான். வெயில் எதிரே அடித்ததால் என்ன செய்கிறான் என்று தெரியவில்லை.

தோபாவும் பார்த்தாள். லைசரும் பார்த்தான்.

7

இதற்கு மேல் எழுதிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்றில் அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். யோனா மேடையில் நின்று பெயரைச் சொல்கிறான், குழந்தை இல்லாமலே. சட்டப்படி அது செல்லும். ஆகஸ்டில் வீட்டு வாசலில் வாடகைக்கு என்ற பலகை. லைசர் வியாழக்கிழமைகளில் கம்பியைச் சுற்றி வருகிறான். இதை எழுத இரண்டு வாரம் ஆயிற்று. பாதிக்குமேல் அடித்தல்.

இன்னொன்றில் அவர்கள் நடக்கிறார்கள். பெஞ்சு ஆள் நிமிர்ந்து பார்த்து, குளிருது இல்ல என்கிறான். ஓடப் போகிறவன், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவர்கள் தாண்டிப் போகிறார்கள். இதற்கு மூன்று வாரம் ஆயிற்று. எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தேன். என் குரலே அதை நம்பவில்லை. அவன் நல்லவன் என்று நிரூபிக்க நாயைக் கொடுத்தேன், தாயைக் கொடுத்தேன், வாயில் பாட்டைக் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க எனக்குப் பயம்தான் அதிகமானது. கிழவி ஒருத்தி, யாரோ ஒரு பிள்ளை ஷூ கயிறு கட்டுவதைக்கூட நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் வெட்டியதில் இதுவும் சேர்த்திதான்.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அதை ஏழு நிமிடத்தில் எழுதினேன். ஒரு சொல்கூட அடிக்கவில்லை. காற்புள்ளிகள்கூடத் தாமாக வந்து அந்தந்த இடத்தில் உட்கார்ந்தன. என் கைக்கு எது பழகிப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டீர்களா? அந்தத் தாள் இந்த வீட்டில்தான் இருக்கிறது. படித்துக் காட்ட மாட்டேன். கெஞ்சாதீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே மனப்பாடம்.

அதனால் கதையை இங்கேயே நிறுத்துகிறேன். அப்பா, மகள், தூங்கும் குழந்தை, பெஞ்சுவரை முந்நூறு அடிப் பாதை. திரும்பு என்று யாரும் சொல்லவில்லை, நட என்றும் சொல்லவில்லை. பெஞ்சில் இருப்பவன் யார், அவன் கையில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் அவன் கையில் ஏதாவது முளைத்துவிடுகிறது. கைக்குட்டையைக் கொடுத்தாலும் அது கடைசி வரியில் வேறொன்றாகிறது. உங்களுக்கு என்னைவிட வயது குறைவு. ஒரு வாக்கியம்தான் வேண்டும். அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான் என்று எழுதிவிட்டு, அதை நம்பவும் வேண்டும். வீட்டுக்குப் போய் முயற்சி செய்து பாருங்கள். முடிந்தால் வந்து சொல்லுங்கள். முடியாவிட்டாலும் வாருங்கள், நாற்காலி இருக்கிறது.

இருட்டுவதற்குள் கிளம்புங்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லும் பொய்யெல்லாம் பிறந்தநாள் பரிசைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும். காலையில் உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள், எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேரும், போன முகத்தோடே திரும்பி வரட்டும்.